ஆயா வண்டி கட்டிப் போன வடலூர்ப் பாதையை டோப்போ ஷீட்டில் தேடுகிறேன்

அச்சுமை_கடலூர்:

வணக்கம். திருப்பாதிரிப்புலியூரில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் குள்ளஞ்சாவடிக்குத் தெற்கே, பெருமாள் ஏரிப் பக்கம். எங்கள் ஆயாவுக்கு 86 வயது. கல்யாணமாகி வந்த புதிதில் தைப்பூசத்துக்கு வடலூர் போன கதையை இன்னும் சொல்லிக்கொண்டே இருக்கும். ராத்திரி சாப்பாடு முடித்து, வைக்கோல் பரப்பிய வண்டியில் ஏறி உட்கார்ந்தால், விடியற்காலை ஆறு மணி ஜோதி தரிசனத்துக்கு முன்னால் ஞானசபை வாசலில் இறங்கிவிடுவார்களாம். "பௌர்ணமி ஆச்சே, லாந்தர் எதுக்கு?" என்று கேட்கும்.

விஷயம் என்னவென்றால், ஆயா சொல்கிற பாதை இப்போது இருக்கிற தார் ரோடு இல்லை. சித்தேரிக் கரையில் ஏறி, பனந்தோப்பைத் தாண்டி, ஒரு சுமைதாங்கிக் கல்லில் வண்டியை நிறுத்தி மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு, அப்புறம்தான் குறிஞ்சிப்பாடி ரோட்டில் ஏறுவார்களாம். கூகுள் மேப்பில் அந்த இடம் முழுக்கக் கரும்பும் முந்திரியும்தான் தெரிகிறது. அப்பாவுக்கே அந்தப் பாதை நினைவில்லை.

பழைய டோப்போ ஷீட்டில், அதாவது சர்வே துறை போட்ட நில வரைபடத்தில், இந்த மாதிரி வண்டிப்பாதை எல்லாம் இருக்குமா? எந்த ஷீட், எப்படிப் பார்ப்பது? ஆயா இருக்கும்போதே கண்டுபிடித்துவிட வேண்டும் என்று நினைக்கிறேன்.

சங்கிலிக்காரர்:

தம்பி, தாராளமாக இருக்கும். முப்பது வருஷம் நில அளவையில் இருந்தவன் சொல்கிறேன்.

உங்களுக்கு வேண்டியது 58 எம்/10. எண்ணைப் புரிந்துகொண்டால் இனி எந்த ஊருக்கும் நீங்களே கண்டுபிடிக்கலாம். 58 என்பது நான்கு பாகைக்கு நான்கு பாகை கொண்ட பெரிய கட்டம். அதை ஏ (A) முதல் பி (P) வரை 16 ஆகப் பிரித்ததில் எம் கடைசி வரிசையில் மேலே வரும். அதை மறுபடி 16 ஆகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 15 கலை, அதாவது கால் பாகை. குறிஞ்சிப்பாடி, வடலூர் எல்லாம் 10இல் விழும். சிதம்பரம் அதற்குக் கீழே 11. புதுச்சேரி நகரம் 13.

பழைய ஷீட் ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல். மெட்ரிக் முறைக்கு மாறிய பிறகு வந்தது 1:50,000, அதாவது இரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர். நீங்கள் பழையதைத் தேடுங்கள். அமெரிக்க ராணுவம் 1950களில் போட்ட யு502 வரிசையை டெக்சஸ் பல்கலைக்கழக நூலகம் இணையத்தில் வைத்திருக்கிறது. ஆனால் அது 1:250,000. ஊர் தெரியும், உங்கள் சுமைதாங்கிப் பாதைக்குப் போதாது.

ஷீட் கிடைத்ததும் முதலில் ஓரத்தைப் படியுங்கள். எல்லோரும் அச்சான ஆண்டைப் பார்த்து ஏமாறுகிறார்கள். அளந்த ஆண்டு வேறாக இருக்கும், அதுதான் கணக்கு. அடியில் குறியீட்டு விளக்கம் இருக்கும். சிவப்பில் விட்டுவிட்டுப் போகிற கோடு வண்டிப்பாதை. பனைக்குத் தனிக் குறி, மற்ற மரத்துக்குத் தனிக் குறி. பாழடைந்த ஊருக்குக்கூடத் தனிக் குறி உண்டு. நம் பக்கம் தட்டை நிலம், 50 அடிக்கு ஒன்று என்று போடுகிற சமஉயரக் கோட்டில் ஒன்றும் பிடிபடாது. ஏரிக்கரை பக்கத்தில் 3ஆர், 5ஆர் என்று சின்னதாக எழுதியிருப்பதைப் பாருங்கள். பக்கத்து நிலத்திலிருந்து கரை எவ்வளவு உயரம் என்று அர்த்தம். கரை உடைந்து போயிருந்தாலும் அந்த எண்ணை வைத்து மேட்டைத் தேடலாம்.

இன்றைய படத்தின் மேல் வைக்க கியூஜிஐஎஸ் என்கிற இலவச வரைபட மென்பொருள் போதும். அப்படியே வைத்தால் விலகித்தான் நிற்கும், ஏனென்றால் பழைய ஷீட் எவரெஸ்ட் என்கிற பழைய பூமி வடிவக் கணக்கில் போட்டது. பொருத்துவதற்குக் கோயில் குளத்து மூலை, ஏரிக்கரை திரும்புகிற இடம், இப்படி நகராத புள்ளிகளை எடுங்கள். ரோடு கூடுகிற இடத்தை எடுக்காதீர்கள், அகலப்படுத்தும்போது அது நகர்ந்திருக்கும்.

கடைசியாக அ-பதிவேட்டையும், அதாவது கிராம நிலக் கணக்கையும், பாருங்கள். பட்டா நிலங்களுக்கு நடுவே "வண்டிப்பாதை புறம்போக்கு" என்று தனி சர்வே எண் இருந்தால், பாதை மண்ணில் இல்லாவிட்டாலும் கணக்கில் இருக்கிறது.

பாகூர்_மருமகள்:

ஐயா சொன்னதோடு ஒன்று. ஷீட்டைப் பெரியவர்கள் முன்னால் விரித்து "இது எது?" என்று கேட்காதீர்கள் தம்பி, அவர்களுக்குக் கண்ணைக் கட்டும். பெயரை வாய்விட்டுப் படியுங்கள். இங்கிலீஷ் எழுத்தில் ழவும் இருக்காது, ளவும் இருக்காது. நாலு விதமாகச் சொல்லிப் பார்த்தால் "அட, அதுவா" என்று அவர்களே பிடித்துக்கொள்வார்கள். எங்கள் பக்கம் இன்னும் சிக்கல். பிரெஞ்சுக்காரர்கள் உழவர்கரையை ஊல்கரே என்று எழுதிவைத்தார்கள்.

பழைய ஷீட்டில் எனக்கு மிகவும் பிடித்தது பிரெஞ்சுப் புதுச்சேரியின் எல்லைக் கோடுதான். 1954 நவம்பர் 1 வரைக்கும் அந்தப் பக்கம் வேறு தேசம். வயலுக்கு நடுவில் வளைந்து வளைந்து போகும். முள்ளோடையில் பஸ் தாண்டும்போதெல்லாம் அந்தக் கோடு ஞாபகம் வரும். உங்கள் கடலூரில் மட்டும் என்ன? 1690இல் தேவனாம்பட்டினம் கோட்டையை வாங்கியபோது, பீரங்கிக் குண்டு விழுந்த தூரம் வரைக்கும் கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சொந்தம் என்று எடுத்துக்கொண்டார்களே, அதனால்தான் குண்டு கிராமங்கள் என்று பெயர்.

போய்ப் பார்த்துவிட்டு அவசியம் எழுதுங்கள்.

அச்சுமை_கடலூர்:

ஐயா, அக்கா, இருவருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

தெரிந்தவர் ஒருவரிடம் பழைய ஒரு மைல் ஷீட் இருந்தது. மடிப்பெல்லாம் நைந்து போயிருந்தது. அச்சகத்தில் ஸ்கேன் செய்து, எங்கள் ஊர்ப் பகுதியை மட்டும் பெரிதாக்கி எடுத்தேன். சித்தேரிக் கரையில் 4ஆர் என்று இருந்தது. அதன் தெற்கு முனையிலிருந்து சிவப்புக் கோடு விட்டுவிட்டு மேற்கே போகிறது. பார்த்ததும் கை நடுங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவை எக்ஸெல் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். கரை இருக்கிறது. அதற்கப்புறம் கோடு கரும்புக்குள் போகிறது. ஆனால் அங்கே ஒரு வரப்பு மட்டும் மற்ற வரப்புகளைப் போல இல்லை. எட்டு அடி அகலம், நேராகப் போகிறது. அப்பா அதில் நடந்து பார்த்துவிட்டு, "இது வரப்பு இல்லடா, வண்டித் தடம்" என்றார். பனந்தோப்பில் ஏழு மரம்தான் மிச்சம். முந்திரித் தோப்பு ஆரம்பிக்கிற இடத்தில், வேலிக்காத்தான் புதருக்குள், கல் நின்றது. இரண்டு நட்ட கல், மேலே ஒரு பலகைக் கல், என் நெஞ்சு உயரம். பலகையின் முன்விளிம்பு மட்டும் தேய்ந்து, உள்ளங்கை வைத்தால் வழுக்குகிறது. எத்தனை தலைச்சுமை அதன்மேல் இறங்கியிருக்கும்!

பிள்ளைத்தாய்ச்சியாக இறந்துபோன ஒருத்திக்காக வைத்த கல் என்று தோப்புக்காரம்மா சொன்னார். அந்தப் பெண் எந்த வீடு, என்ன பெயர் என்று ஊரில் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

சாயங்காலம் ஆயாவிடம் போட்டோவைக் காட்டினேன். போனைக் கிட்டே வைத்து, தள்ளி வைத்து, ரொம்ப நேரம் பார்த்தது. அப்புறம், "கல்லு சரி, கெணறு எங்க? மாட்டுக்குத் தண்ணி சேந்துவோமே" என்று கேட்டது. அங்கே கிணறு எதையும் நாங்கள் பார்க்கவில்லை. தாளை எடுத்து லென்ஸ் வைத்துப் பார்த்தேன். சிவப்புக் கோட்டுக்கு வடக்கே, மடிப்பு நைந்த ஓரத்தில், ஒரு சின்ன நீல வட்டம் இருக்கிறது. வருகிற ஞாயிறு அரிவாளோடு போகிறோம்.