நாலு வயதுப் பேரனை மெடீவல் டைம்ஸுக்குக் கூட்டிப் போகலாமா?

கேட்டவர்: ஊஞ்சல்
மெடீவல் டைம்ஸ், சாப்பிட்டுக்கொண்டே குதிரை வீரர்களின் சண்டைக் காட்சி பார்க்கும், கோட்டை போன்ற அரங்கு. அமெரிக்காவில் நியூஜெர்சி லிண்ட்ஹர்ஸ்டில் இருக்கும் கோட்டைக்கு தாத்தா, பாட்டி, 8 வயதுப் பேத்தி, 4 வயதுப் பேரன் போகிறார்கள். பாட்டிக்கு முழங்கால் வலி, சைவம். முன்வரிசைக்குக் கூடுதல் பணம் கட்டலாமா?

மணற்களம்
பேத்திக்குச் சரி, பேரனுக்கு இன்னும் இரண்டு வருடம் போகட்டும். காட்சி ஏறத்தாழ இரண்டு மணி நேரம், அதற்கு முன் வரவேற்புக் கூடத்தில் காத்திருப்பு வேறு. முதல் பாதி குதிரை நடையும் வல்லூறு பறப்பதும்தான். ஈட்டிச் சண்டை, வாள் சண்டையெல்லாம் பிற்பாதியில். பிள்ளைக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றும் நேரத்தில் இருட்டு, புகை, முரசு, வாள் மோதித் தெறிக்கும் பொறி. அழ ஆரம்பித்தால், தட்டுகளோடு பணியாளர் நடக்கும் இருட்டுப் பாதையில்தான் தூக்கிக்கொண்டு வெளியேற வேண்டும்.

குதிரைலாடம்
ஒத்துக்கொள்ள மாட்டேன். திடுக்கென்று வருவதுதான் பிள்ளையைப் பயமுறுத்தும். ஈட்டி கேடயத்தில் பட்டதும் நொறுங்கத்தான் செய்திருக்கிறார்கள், வீரர் விழுவதும் பழகிய விழுதல் என்று வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். காதுக்கு இரைச்சல் தடுப்பான் மாட்டுங்கள். மாலைக் காட்சியை விட்டு மதியக் காட்சி எடுங்கள். தூக்கப் பிரச்சினையே வராது.

மணற்களம்
இரைச்சல் தடுப்பான் சத்தத்தைக் குறைக்கும், புகையையும் பொறியையும் குறைக்காது. மதியக் காட்சி நல்ல யோசனை, அது எல்லா நாளும் இருக்காது. முன்வரிசை வேண்டவே வேண்டாம். மணலும் குதிரை வாசனையும் முகத்துக்கு நேரே வரும். குதிரை ஒவ்வாமையோ ஆஸ்துமாவோ இருந்தால் கட்டாயம் பின்னால் உட்காருங்கள்.

குதிரைலாடம்
ஈட்டி நொறுங்குவதைக் கிட்டத்தில் பார்க்கத்தானே பேத்தி வருகிறாள்? 8 வயதுக்கு முன்வரிசை கொடுத்த காசுக்குத் தகும்.

அடுக்களை
இரண்டு பேரும் சாப்பாட்டை விட்டுவிட்டீர்கள். சிக்கல் வருவதே அங்கேதான். கரண்டி, முள்கரண்டி கிடையாது. பூண்டு ரொட்டி, தக்காளி சூப், அரைக் கோழி, சோளக்கதிர், உருளைக்கிழங்கு எல்லாம் கையால்தான். நமக்குக் கையால் சாப்பிடுவது புதிதல்ல, ஆனால் சூப் கைப்பிடி வைத்த கிண்ணத்தில் சுடச்சுட வரும், அதைத் தூக்கிக் குடிக்க வேண்டும். சிறுவன் முன்னால் வைக்காதீர்கள். ஆறவிட்டு, ரொட்டியைத் தோய்த்து ஊட்டுங்கள். கோழி வந்ததும் எலும்பு நீக்கிப் பிய்த்துவிடுங்கள். சண்டை சூடு பிடித்தால் பெரியவர் கண்ணும் களத்துக்குப் போய்விடும்.

சைவச் சாப்பாடு உண்டு. பதிவு செய்யும்போதே சொல்லி, உட்கார்ந்ததும் பரிமாறுபவரிடம் மறுபடியும் சொல்லுங்கள். தட்டு வந்த பிறகு சொன்னால் மாற்றிவர நேரமாகும். பால் பொருள் சேராதவர்கள் சூப்பைக் கேட்டுக் குடியுங்கள்.

மணற்களம்
சாப்பாட்டில் நீங்கள் சொன்னதே சரி. இன்னொன்று: நால்வருக்கும் ஒரே பதிவாகப் போடுங்கள். வீரர்கள் ஆறு பேர், ஆளுக்கொரு நிறம். உள்ளே போகும்போது தரும் காகிதக் கிரீடத்தின் நிறம்தான் நீங்கள் உட்காரும் பகுதியைக் காட்டும். தனித்தனியாகப் பதிந்தால் தாத்தா நீலத்திலும் பேரன் பச்சையிலும் போய் உட்கார வேண்டியிருக்கும்.

இருக்கைகள் படிப்படியாக உயரும் அடுக்கு. படியேறாத இடம் வேண்டுமென்று பாட்டிக்காக முன்கூட்டியே தொலைபேசியில் கேளுங்கள். வாசலில் போய்க் கேட்டால் நிறைந்திருக்கும்.

குதிரைலாடம்
அப்படியானால் பேரனையும் வரிசையின் ஓரத்தில், பாட்டி பக்கத்தில் உட்கார வையுங்கள். அழுதால் தட்டுகளுக்கு நடுவே போகாமல் நேரே வெளியேறலாம். அப்போதும் வேண்டாம் என்பீர்களா?

மணற்களம்
ஓர இருக்கை உறுதி என்றால் கூட்டிப் போகட்டும். முன்வரிசை மட்டும் கூடாது.