கிளாம்ப் செட்ல சாணை புடிச்சா முனை பக்கம் மட்டும் பெவல் (கூருக்காக தேய்ச்ச சாய்வுப் பட்டை) அகலமா வருது, ஏன்?

மொக்கைகத்தி
கத்தியை கிளாம்ப்ல மாட்டி, கல்லை கம்பில செருகி, ஆங்கிள் செட் பண்ணி தேய்ப்போம்ல, அந்த டைப் செட் வச்சிருக்கேன். 8 இஞ்ச் செஃப் நைஃப், ஸ்டெயின்லெஸ். 20 டிகிரில வச்சு 400, 600, 1000னு (கல்லோட கிரிட் நம்பர், ஏற ஏற நைசு) போறேன். கைப்பிடி பக்கம் பேப்பரை சர்ருனு வெட்டுது, ஆனா முனை பக்கம் பெவல் டபுள் அகலமா இருக்கு, கூரும் கம்மி. இன்னொண்ணு, சாணை புடிச்ச அன்னைக்கு சூப்பரா இருக்கு, நாலு நாள்ல பழையபடி ஆயிடுது. 3000 கல்லு வாங்குனா சரியாகுமா?

கோணமாணி
காசை மிச்சம் பண்ணுங்க, 3000 இப்ப வேணாம். முனை பிரச்சனைக்கு காரணம் கிளாம்ப் மாட்டுற இடம். விளிம்பு நேரா இருக்குற வரைக்கும் ஆங்கிள் மாறவே மாறாது (நிறைய பேரு தூரம் போனாலே மாறும்னு சொல்வாங்க, தப்பு), வளைவு ஆரம்பிக்கிற இடத்துலதான் ஆட்டம். கிளாம்ப் முனையை விட்டு ரொம்ப தள்ளி இருந்தா அங்க ஆங்கிள் படுத்துடும் (குறைஞ்சுடும்), அதான் பெவல் அகலமாகுது. ரொம்ப கிட்ட வச்சா ஆங்கிள் நிமிர்ந்துடும்.

விளிம்பு முழுக்க மார்க்கர் பூசிட்டு 1000 கல்லுல லேசா ஒரு இழு இழுங்க. முனைல மை பெவலோட மேல் ஓரமா (கத்தி முதுகு பக்கம்) மட்டும் போயிருந்தா கிளாம்பை முனை பக்கம் ஒரு செ.மீ. நகர்த்துங்க, விளிம்புல மட்டும் போயிருந்தா உல்டா. முழு நீளத்துக்கும் ஒரே மாதிரி மை போற இடம் கிடைச்சதும் முனைலேர்ந்து கிளாம்ப் வரைக்கும் அளந்து எழுதி வச்சுக்கோங்க, அடுத்த தடவை அதே இடத்துல மாட்டலாம்.

பிசிறுதட்டி
நாலு நாள் மேட்டருக்கு நான் சொல்றேன், அது பிசிறு. ஒரு பக்கம் தேய்க்கும்போது இரும்பு மடிஞ்சு மறுபக்கம் மெல்லிசா எழுந்து நிக்கும், அதுவே பேப்பரை வெட்டிடும், நாமளும் ஆஹா கூர் வந்துடுச்சுனு கழுவி வச்சுடுவோம். பலகைல நாலு தட்டு தட்டுனா அது மடங்கும் இல்ல ஒடியும், அப்புறம் கத்தி எப்படி வெட்டும்? 400லயே கைப்பிடிலேர்ந்து முனை வரைக்கும் பிசிறு வந்துச்சான்னு பாருங்க, முதுகுலேர்ந்து விளிம்புக்கு வெளிய போற மாதிரி கட்டைவிரலை வச்சு இழுத்தா சொரசொரனு தட்டும் (விளிம்பு நீளத்துக்கு இழுத்துடாதீங்க சாமி). ஒரு இடத்துல தட்டலனாலும் அடுத்த கல்லுக்கு போகாதீங்க. கடைசி கல்லுல பக்கத்துக்கு ஒரு இழுனு மாத்தி மாத்தி, கல்லோட வெயிட் மட்டும் போதும், அழுத்தாம. அப்புறம் லெதர்ல பாலிஷ் காம்பவுண்ட் தடவி, முதுகு முன்னால போற மாதிரி பின்பக்கமா இழுத்தா முடிஞ்சது.

சும்மாகல்லு
ஒரு கத்திக்கு மார்க்கர், ஸ்கேல், ஜியாமெட்ரியா? சாதா கல்லை தண்ணில நனைச்சு கையாலயே தேய்ங்கப்பா.

கோணமாணி
@சும்மாகல்லு கை பழகுனவங்களுக்கு அது ஓகே. அவருகிட்ட செட் இருக்கு, அதை ஒழுங்கா யூஸ் பண்ணட்டுமே.

மொக்கைகத்தி
மார்க்கர் போட்டு பாத்தேன், முனைல மேல் ஓரம்தான் போயிருந்துச்சு. கிளாம்பை நகர்த்துனதும் மை ஒரே சீரா போகுது, நன்றி. ஆனா இப்ப கத்தி கிளாம்ப்ல ஆடுது, முனை பக்கம் தகடு மெல்லிசா இருக்குறதாலயா?

கோணமாணி
ஆமா, முனை பக்கம் போகப்போக தடிமன் குறையும்ல. கிளாம்ப் புடிக்கிற இடத்துல மாஸ்கிங் டேப் ரெண்டு பக்கமும் ஒட்டிட்டு டைட் பண்ணுங்க. கத்தி சாய்ஞ்சு நின்னா ஒரு பக்கம் 18, மறுபக்கம் 22னு வரும், டிஜிட்டல் ஆங்கிள் மீட்டர் இருந்தா ரெண்டு பக்கமும் வச்சு பாத்துடுங்க. அப்புறம் கல்லுங்க எல்லாம் ஒரே தடிமனா? 2 மி.மீ. வித்தியாசம்னாலே, கம்பி திரும்புற மூட்டுலேர்ந்து விளிம்பு 15 செ.மீ. தூரம்னு வச்சுக்கிட்டா, முக்கால் டிகிரி மாறிடும். அப்படி ஆங்கிள் படுத்துட்டா 1000 கல்லு விளிம்பையே தொடாம மேல மட்டும் பாலிஷ் போட்டுட்டு இருக்கும். ஒவ்வொரு கல்லு மாத்தும்போதும் மார்க்கர் ஒரு தடவை.