திருமண ஜவுளி: நெசவாளருக்கும் ஆற்றுக்கும் கேடு செய்யாத துணியை எப்படித் தெரிந்து வாங்குவது?

கேள்வி (மடிப்பாக்கம் வாசகி)

அனைவருக்கும் வணக்கம். வரும் தை மாதத்தில் என் தம்பிக்குத் திருமணம். முகூர்த்தப் பட்டு, சம்பந்தி வீட்டாருக்கும் நெருங்கிய உறவினர்களுக்கும் வைத்துக் கொடுக்க வேண்டிய நூல் புடவைகள், வேட்டிகள், இவை தவிரத் தம்பியின் நண்பர்கள் கேட்கும் ஒரே நிற டீ-ஷர்ட்டுகள் என்று ஒரே சமயத்தில் நிறைய ஜவுளி எடுக்கிறோம். இவ்வளவு பணத்தை ஒரே தடவையில் துணிக்காகச் செலவழிக்கும் வாய்ப்பு எங்கள் குடும்பத்துக்கு அடிக்கடி வருவதில்லை. ஆகவே, அந்தப் பணம் நெய்தவருக்கும் தைத்தவருக்கும் நியாயமாகச் சேர வேண்டும், எந்த ஆற்றையும் பாழாக்கிய துணியாக அது இருக்கக் கூடாது என்று விரும்புகிறோம்.

கடைகளில் விசாரித்தால் எல்லாமே 'கைத்தறி' என்றும் 'இயற்கைக்கு உகந்தது' என்றும்தான் சொல்கிறார்கள். துணியில் தொங்கும் அட்டைகளிலும் பலவகை முத்திரைகள் இருக்கின்றன. அவற்றில் எது எதற்கு உறுதி தருகிறது? ஒரு குடும்பம் பார்த்துப் பார்த்து வாங்குவதால் உண்மையில் ஏதேனும் மாறுமா என்று அப்பா கேட்கிறார். அதற்கும் எனக்குப் பதில் வேண்டும்.

பதில் 1 (நொய்யல் கரை)

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஏற்றுமதி ஆர்டர்களைக் கவனிக்கும் வேலையில் இருக்கிறேன். எனவே டீ-ஷர்ட்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

பருத்தித் துணியில் சாயம் நன்றாகப் பிடிக்க உப்பு வேண்டும். இப்போது பெரும்பாலும் பயன்படுத்தப்படும் ரியாக்டிவ் சாயங்களில் கறுப்பு, கருநீலம் போன்ற அடர் நிறங்களுக்கு ஒரு லிட்டர் சாயநீரில் சுமார் 60 முதல் 80 கிராம் வரை உப்பைக் கரைப்பார்கள். துணியில் ஏறாமல் மிஞ்சிய சாயமும் அந்த உப்பும் கழிவுநீரோடு வெளியேறும். நிறத்தைப் பிரித்தெடுப்பது அவ்வளவு கடினமன்று. கரைந்த உப்பைப் பிரிப்பதுதான் கடினம், செலவும் அதற்குத்தான். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கரூர் மாவட்டத்தில் காவிரியோடு சேரும் நொய்யல் பல ஆண்டுகள் இந்த உப்பைச் சுமந்தது. பாசனத்துக்காகக் கட்டி 1992-இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிப் போனது. கீழே இருந்த நிலங்களில் தென்னையும் மஞ்சளும் பட்டுப்போன கதையை இந்தப் பக்கத்து விவசாயிகள் இன்றும் சொல்வார்கள்.

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் இங்குள்ள சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. கழிவுநீரில் ஒரு சொட்டும் வெளியே விடாத முறையை நிறுவிய பிறகே படிப்படியாக அவை மீண்டும் இயங்கத் தொடங்கின. நுண்ணுயிர்களைக் கொண்டு முதல்கட்டச் சுத்திகரிப்பு, பிறகு எதிர் சவ்வூடு பரவல் (நுண்ணிய சவ்வின் வழியே அழுத்தி உப்பிலிருந்து தண்ணீரைப் பிரித்தல்), எஞ்சும் அடர் உப்புநீரைக் கொதிக்க வைத்து ஆவியாக்குதல் என்று பல கட்டங்கள் அதில் உண்டு. தண்ணீரும் உப்பின் பெரும்பகுதியும் சாயமேற்றவே திரும்பப் பயன்படுகின்றன. இதற்கு ஆகும் மின்சாரமும் விறகும் கொஞ்சநஞ்சமல்ல. முறையான பட்டறையில் சாயமேற்றிய துணி கிலோவுக்குக் கூடுதல் விலை சொல்வது இதனால்தான். நம்ப முடியாத விலைக்கு ஒரு கறுப்பு டீ-ஷர்ட் கிடைக்கிறதென்றால், அந்தச் செலவை யார் தவிர்த்தார்கள், எங்கே தவிர்த்தார்கள் என்று கேட்க வேண்டும். 2011-க்குப் பிறகு சாய வேலையில் ஒரு பகுதி கட்டுப்பாடு குறைந்த வேறு ஊர்களுக்கு நகர்ந்துவிட்டது என்பதும் உண்மை.

முத்திரைகளில் ஓயகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்டு 100 என்பது, முடிந்த துணியில் உடுத்துபவருக்குத் தீங்கான இரசாயனம் இல்லை என்று மட்டுமே சொல்லும்; அந்தச் சான்றிதழ் ஆற்றையோ தொழிலாளரையோ பார்ப்பதில்லை. காட்ஸ் (GOTS) என்ற, இயற்கை வேளாண்மை இழைத் துணிக்கான உலகளாவிய முத்திரைக்கு வீச்சு அதிகம். அதில் குறைந்தது 70 விழுக்காடு இயற்கை வேளாண்மை இழை இருக்க வேண்டும். 'ஆர்கானிக்' என்றே எழுத 95 விழுக்காடு வேண்டும். கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்கும் வேலைச் சூழலுக்கும் அதில் விதிகள் உண்டு. அந்த அட்டையில் உள்ள உரிம எண்ணை அவர்களுடைய இணையதளத்தில் நீங்களே தேடிப் பார்க்கலாம். எண் இல்லாத காட்ஸ் அட்டையை நம்பாதீர்கள். எண்ணோடு வந்தாலும் முழுமையாக நம்பிவிட முடியாது. 2020-இல் இந்தியாவில் 20,000 டன் பருத்திக்குப் போலிச் சான்றிதழ்கள் தயாரானதை அந்த அமைப்பே கண்டுபிடித்து வெளியிட்டது.

உங்களுக்கு என் யோசனை, தம்பியின் நண்பர்களை வெள்ளைக்கோ சந்தன நிறத்துக்கோ சம்மதிக்க வையுங்கள். வெளிர் நிறத்துக்கு உப்பு மிகக் குறைவாகவே செலவாகும். ஆர்டர் கொடுக்கும்போது, துணி எந்தப் பட்டறையில் சாயமாகிறது, அது எந்தப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் உறுப்பு என்று கேளுங்கள். நேர்மையாகத் தொழில் செய்பவருக்கு அதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும்.

பதில் 2 (தறிநாடா)

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். சகோதரி முகூர்த்தப் பட்டை முதலில் குறிப்பிட்டிருக்கிறார். பலரும் ஏமாறுவது அதில்தான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

மத்தியப் பட்டு வாரியத்தின் முயற்சியில் 2004-இல் வந்த சில்க் மார்க், நூல் சுத்தமான பட்டு என்பதற்கு மட்டும் உறுதி. விசைத்தறியில் நெய்த பட்டுப் புடவைக்கும் அது கிடைக்கும். கையால் நெய்தது என்பதற்கு 2006-இல் அறிமுகமான கைத்தறி முத்திரையைப் பார்க்க வேண்டும். காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. அது ஊரையும் முறையையும் காப்பது. இந்த மூன்றும் சேர்ந்திருந்தால்தான் நீங்கள் கேட்கும் புடவை. ஒன்றை மட்டும் காட்டி மற்ற இரண்டும் உண்டு என்பது போலப் பேசுவது கடைகளில் சாதாரணம்.

புடவையையே பார்த்தும் ஓரளவு அறியலாம். கோர்வைப் புடவையில் உடலும் கரையும் தனித்தனி ஊடை நூலால் (குறுக்கே ஓடும் நூல்) நெய்யப்பட்டு, இரண்டும் சேரும் கோட்டில் நூலோடு நூல் கொக்கிபோல் மாட்டிக்கொள்ளும். ஒருபக்கக் கரைக்கு நெசவாளரும் மறுபக்கக் கரைக்கு உடன் அமரும் உதவியாளரும் என இருவர் தறியில் உட்கார்ந்து ஊடை நூலைக் கொண்டு செல்லும் மூன்று நாடாக்களை ஓட்டுவார்கள். புடவையைத் திருப்பி, கரை சேரும் கோட்டை விரலால் தடவுங்கள். சிறு மேடு தட்டுப்படும். உடலின் நிறம் கரைக்குள் கலக்காமல், கரை தன் நிறத்திலேயே தெளிவாக நிற்கும். கோர்வை இல்லாத புடவையில் ஒரே ஊடை இக்கரையிலிருந்து அக்கரைவரை ஓடுவதால், கரையின் நிறத்தில் உடலின் சாயல் இழைந்திருக்கும். கோர்வை இல்லாவிட்டால் கைத்தறி இல்லை என்று பொருளாகாது. ஆனால் கோர்வைக்கு உரிய விலையை அதற்குக் கொடுக்காதீர்கள்.

நெய்தவருக்குப் பணம் சேர்கிறதா என்பது உங்கள் முக்கியமான கேள்வி. நாடு முழுவதும் 2019-20-இல் நடந்த நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பு, இத்தொழிலில் 35 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருப்பதாகவும், அவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்றும், ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக் குடும்பங்களின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் குறைவு என்றும் காட்டியது. புடவையின் விலை உயர்ந்தால் கூலியும் உயர்ந்துவிடும் என்று எண்ண வேண்டாம். தனியார் முதலாளியிடம் பாவும் (தறியில் நீளவாட்டில் கட்டும் நூல்) ஜரிகையும் வாங்கி நெய்பவருக்கு, கடையில் ஒட்டும் விலை என்னவென்றே தெரியாது. கூட்டுறவுச் சங்கத்திலும் குறைகள் உண்டு, கூலி தாமதமாவதும் உண்டு. ஆனால் அங்கே கூலி விகிதம் எழுத்தில் இருக்கிறது, உறுப்பினர் கணக்குக் கேட்க முடியும். 1935-இல் தொடங்கப்பட்ட கோ-ஆப்டெக்ஸ் இத்தகைய சங்கங்களிடமிருந்துதான் கொள்முதல் செய்கிறது. நெய்தவரின் பெயரையும் படத்தையும் அட்டையில் வைத்துப் பட்டுப் புடவைகளை விற்ற வழக்கமும் அங்கே உண்டு. உறவினருக்கு வைத்துக் கொடுக்கும் நூல் புடவைகளையும் வேட்டிகளையும் அங்கேயே எடுத்தால் உங்கள் வேலை பாதி முடிந்துவிடும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கைத்தறி முத்திரை சாயத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. நூலுக்குச் சாயமேற்றும் சிறு பட்டறையின் கழிவுநீர் எங்கே போகிறது என்பதை, மேலே எழுதிய திருப்பூர் அன்பர் கேட்கச் சொன்னது போலவே இங்கும் கேட்க வேண்டும்.

பதில் 3 (ஆயக்கட்டு)

தொழிலாளர் வழக்குகளில் உதவி செய்பவள் என்ற முறையில், சகோதரியின் அப்பா கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

முதல் பதிலில் நீதிமன்ற உத்தரவு தானாக வந்தது போன்ற தோற்றம் இருக்கிறது. நொய்யல் ஆயக்கட்டு (ஆற்றுப் பாசன நிலம்) விவசாயிகள் சங்கமாகத் திரண்டு பல ஆண்டுகள் வழக்கு நடத்தியதால்தான் அது வந்தது. அதற்கு முன்பும் வெளிநாட்டு நிறுவனங்கள் இங்கே வாங்கிக்கொண்டுதான் இருந்தன. அவற்றின் வாங்கும் முறையால் ஆறு காக்கப்படவில்லை. சான்றிதழை மட்டும் நம்பினால் என்ன நேரும் என்பதற்குக் கராச்சியைப் பாருங்கள். 2012 செப்டம்பரில் அங்கே அலி எண்டர்பிரைசஸ் ஆடைத் தொழிற்சாலையில் தீப்பிடித்து 250-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தத் தீவிபத்துக்குச் சில வாரங்கள் முன்புதான் அது எஸ்.ஏ. 8000 என்ற தொழிலாளர் நலச் சான்றிதழைப் பெற்றிருந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் வங்கதேசத்தில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகே, நிறுவனங்களைச் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் தொழிற்சங்கங்களின் கையொப்பத்தோடு உருவானது.

நம் பக்கத்திலும் ஒரு முன்மாதிரி இருக்கிறது. திண்டுக்கல் மாவட்டத்து ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரிந்த இளம் தலித் பெண் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டதை அடுத்து, பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் போராடி, 2022-இல் திண்டுக்கல் ஒப்பந்தத்தைப் பெற்றது. எச் அண்ட் எம், கேப் போன்ற வாங்கும் நிறுவனங்களும் அதில் கட்டுப்பட்டன. பாலியல் தொல்லையையும் சாதிப் பாகுபாட்டையும் கண்காணிக்கத் தொழிலாளர்களிலிருந்தே ஆட்களைத் தேர்ந்து பயிற்சி கொடுத்தார்கள். தொழிற்சாலை மீறினால் ஆர்டர் பாதிக்கப்படும் என்பது அதில் எழுதப்பட்டிருந்தது. வாங்குபவரின் பலம் வேலை செய்வது அந்த இடத்தில்தான்.

ஆகவே அப்பாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: ஒரு குடும்பம் எதை வாங்குகிறது என்பதால் மாறுவது சிறிது, அந்தக் குடும்பம் எழுத்தில் என்ன கேட்கிறது என்பதால் மாறுவது அதைவிட அதிகம். 'இயற்கைக்கு உகந்தது' என்று ஆதாரமின்றி விளம்பரம் செய்வதைக் கட்டுப்படுத்தும் வழிகாட்டு விதிகளை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வெளியிட்டுள்ளது. அட்டையில் அப்படி அச்சிட்டிருந்தால் ஆதாரம் எங்கே என்று கடிதமோ மின்னஞ்சலோ எழுதுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யுங்கள்.

கேட்டவர் (மடிப்பாக்கம் வாசகி)

மூவருக்கும் நன்றி. டீ-ஷர்ட் சந்தன நிறம்தான் என்று தம்பியிடம் பேசி முடித்துவிட்டேன். நூல் புடவையையும் வேட்டியையும் கோ-ஆப்டெக்ஸில் எடுக்க அம்மாவும் சம்மதித்துவிட்டார். பட்டு மட்டும் வழக்கமாக எடுக்கும் கடையில்தான் என்று பெரியவர்கள் உறுதியாக இருக்கிறார்கள். அந்தக் கடையில் கைத்தறி முத்திரை கேட்டால், 'எங்களிடம் எல்லாமே கைத்தறிதான், முத்திரை எதற்கு' என்கிறார்கள். இதற்கு என்ன செய்வது?

பதில் 4 (தறிநாடா)

வாக்குவாதம் வேண்டாம். 'கைத்தறி, கோர்வை, சுத்தமான பட்டு' என்ற மூன்றையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தந்தால், பின்னால் வேறு என்று தெரியும்போது நுகர்வோர் ஆணையத்தில் அதுவே சான்று. எழுதத் தயங்கினால் பெரியவர்களுக்கே விஷயம் விளங்கிவிடும். அவர்களை ஒரு நாள் காஞ்சிபுரத்துக்கு அழைத்து வந்து சங்க விற்பனை நிலையத்தில் காட்டுங்கள்.

நிறமும் கரையும் சொல்லி நெய்து வாங்குவதாக இருந்தால் ஐப்பசி பிறப்பதற்குள் சொல்லிவிட வேண்டும். கோர்வைப் புடவைக்கு எப்படியும் சில வாரங்கள் ஆகும். அடைமழை பிடித்துவிட்டால் தெருவில் பாவு போட முடியாது, தரையில் குழி வெட்டி அமைத்த குழித்தறியில் தண்ணீர் ஊறிவிடும். அந்த நாட்களில் அவசரப்படுத்தினால் சிரமப்படப் போவது நெசவாளர்தான்.