மறுமொழி: 'சாம்பிள்' டிரம் மெஷினுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

இந்த இழையை முதல் மடலிலிருந்து படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். டிரம் மெஷினை, அதாவது தட்டினால் டிரம் ஒலிகளை எழுப்பும் மின்னணுப் பெட்டியை, பல ஆண்டுகளாகத் தட்டிக்கொண்டிருப்பவன் என்ற முறையில் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. மடல் நீண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

> சாம்பிள் என்பதற்கு 'மாதிரி' புள்ளியியலில் ஏற்கெனவே நிலைபெற்றுவிட்டது. ஆகவே 'மாதிரி சார்ந்த முரசு இயந்திரம்' என்றே வைத்துக்கொள்ளலாம்.

ஐயா, அந்தச் சொல் நிலைபெற்றிருக்கிறது என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அது நிலைபெற்றிருக்கும் பொருள் வேறு. மாதிரி வினாத்தாள் என்றால் உண்மையான வினாத்தாள் இல்லை. மாதிரி வீடு என்றால் யாரும் குடியிருக்காத வீடு. 'மாதிரி ஒலி' என்று எழுதினால், டிரம் போல ஒலிக்கிற வேறு ஏதோ ஒன்று என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். நடப்பதோ இதற்கு நேர் எதிர். ஒருவர் உண்மையான ஸ்னேர் டிரம்மை உண்மையான குச்சியால் அடித்தார். அந்த அடி பதிவாகி நினைவகச் சில்லில் உட்கார்ந்திருக்கிறது. நாம் தட்டும்போது அதே அடி வெளியே வருகிறது.

டிரம் 'மாதிரி' ஒலிப்பது இன்னொரு வகைப் பெட்டி. ரோலண்ட் நிறுவனம் 1980-இல் கொண்டுவந்த டிஆர்-808 என்ற டிரம் மெஷினில் பதிவு செய்த ஒலி ஒன்றுகூடக் கிடையாது. அதன் ஹை-ஹாட் (காலால் மிதித்து மூடும், ஜால்ரா போன்ற சோடி), மின்சுற்றில் ஆறு சதுர அலைகளைக் கலந்து வடிகட்டி உண்டாக்கிய ஒலி. ஆக 'மாதிரி' என்று வைத்தால் அந்தப் பெயர் 808-க்குத்தான் பொருந்தும். நாம் எதற்குச் சொல் தேடுகிறோமோ அதற்குப் பொருந்தாது.

ஆங்கிலச் சொல்லிலேயே ஒரு குழப்பம் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். 1987-இல் வந்த ஈ-மு நிறுவனத்தின் எஸ்பி-1200 என்ற டிரம் மெஷினை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஒலி அலையின் அளவை நொடிக்கு 26,040 முறை குறித்துக்கொள்ளும். அந்த ஒவ்வோர் அளவும் ஒரு சாம்பிள். அப்படிக் குறித்துச் சேர்த்த இரண்டரை நொடி ஒலியும் ஒரு சாம்பிள்தான். அதாவது ஒரு சாம்பிளுக்குள் 65,100 சாம்பிள்கள். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் சூழலை வைத்துச் சமாளித்துக்கொள்கிறார்கள். நாம் புதிதாகச் சொல் படைக்கும்போது அந்தச் சிக்கலையும் சேர்த்து வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை. முதல் பொருளுக்குக் 'கூறு' போதும்: நொடிக்கு 26,040 கூறுகள், கூறெடுப்பு வீதம். இரண்டாவது பொருளுக்குத்தான் இங்கே சொல் வேண்டும்.

> ஒலித்துணுக்கு / எடுப்பொலி / ஒலித்துண்டு

'துணுக்கு' என்றதும் பத்திரிகையின் ஓரத்தில் வரும் நான்கு வரி நகைச்சுவைதான் எனக்கு நினைவுக்கு வருகிறது. 'எடுப்பொலி' அழகான ஆக்கம், எடுத்த ஒலி என்ற பொருள் நேராக வருகிறது. ஆனால் இசையில் 'எடுப்பு' என்ற சொல்லுக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. பாட்டு தாளத்தின் எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதை எடுப்பு என்கிறோம். தாளத்தோடு பழகும் ஒரு கருவிக்கு அந்தச் சொல்லையே வேறு பொருளில் வைத்தால் தினமும் தடுக்கி விழ வேண்டும். 'ஒலித்துண்டு' தவறில்லை. நீண்ட பதிவிலிருந்து வெட்டி எடுத்த பகுதிக்கு அதை வைத்துக்கொள்ளலாம். ஆனால் தனியாக அடித்துப் பதிந்த ஒரு கிக் டிரம் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) எதிலிருந்தும் வெட்டிய துண்டு அல்ல.

என் முன்மொழிவு 'பதிவொலி'. மின்சுற்றில் பிறந்த ஒலிக்கு 'ஆக்கவொலி'. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே வேறுபாடு விளங்கும். 808 முழுக்க ஆக்கவொலி. ரோஜர் லின் 1980-இல் வெளியிட்ட எல்எம்-1 முழுக்கப் பதிவொலி, அந்த வகையில் அதுவே முதல். 1983-இல் வந்த டிஆர்-909 நடுவில் நிற்கிறது: கிக்கும் ஸ்னேரும் ஆக்கவொலி, ஹை-ஹாட்டும் சிம்பலும் பதிவொலி. ஒரே பெட்டிக்குள் இரண்டும் இருக்கும்போது எது எது என்று பிரித்துச் சொல்ல இந்தச் சோடி உதவுகிறது. 'மாதிரி'யை வைத்துக்கொண்டு 909-ஐ விளக்கிப் பாருங்கள், எவ்வளவு சுற்றி வளைக்க வேண்டியிருக்கிறது என்று தெரியும்.

அப்புறம் 'முரசு இயந்திரம்'. முரசு என்றால் ஒரு தோற்கருவி. எல்எம்-1-இல் இருந்த பன்னிரண்டு ஒலிகளில் கைதட்டல் உண்டு, மாட்டுமணி உண்டு, கபாசா உண்டு, டாம்புரின் உண்டு. இவற்றை முரசு என்பது எப்படி? 'இயந்திரம்' என்பதும் ஆலைக்குள் இருக்கிற ஒன்றைப் போலப் படுகிறது. நம்மிடம் சுருதிப்பெட்டி இருக்கிறது, ஆர்மோனியப்பெட்டி இருக்கிறது. சுருதிப்பெட்டி மின்னணுக் கருவியாக மாறிய பிறகும் யாரும் பெயரை மாற்றவில்லை. சுருதிக்குச் சுருதிப்பெட்டி என்றால் தாளத்துக்குத் தாளப்பெட்டி. முதல் தடவை கேட்பவருக்கும் விளக்கம் தேவைப்படாது. முழுப்பெயர் வேண்டிய இடத்தில் 'பதிவொலித் தாளப்பெட்டி', மற்ற இடத்தில் 'தாளப்பெட்டி'.

> பெயர் ஒன்று வைத்தால் போதாது. உள்ளே இருக்கும் நூறு வசதிகளுக்கும் நூறு சொல் வேண்டுமே?

இந்த வரிதான் என்னை எழுத வைத்தது. நூறு வசதி எதற்கு என்று நான் வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

என்னிடம் இருக்கும் ஒரு பெட்டியில் ஸ்னேரின் சுருதியை அரை இழை இறக்க வேண்டும் என்று வையுங்கள். முதலில் தடத்தைத் தேர்ந்தெடுக்கும் பொத்தான். பிறகு இன்னொரு பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு இரண்டாம் பக்கத்துக்குப் போக வேண்டும். அங்கே நான்கு குமிழ்களில் மூன்றாவது, இப்போதைக்குச் சுருதி. சிறிய திரையில் எண் மாறுவதைக் கண் தேடுகிறது. தேடும்போது காது கேட்பதை விட்டுவிடுகிறது. சரியான எண்ணைப் பிடித்து நிமிரும்போது, எதற்காக இறக்க நினைத்தேன் என்பது மறந்திருக்கும். இது ஒருமுறை இரண்டுமுறை நடந்தது அல்ல, ஒவ்வொரு அமர்விலும் நடக்கிறது.

எல்எம்-1-இல் ஒவ்வோர் ஒலியின் சுருதியையும் தனித்தனியாகத் திருத்த முடிந்தது. நினைவகச் சில்லுகளின் விலை காரணமாக அதில் நீளமாக ஒலிக்கும் சிம்பலையே வைக்கவில்லை, இருந்தும் ஒலியைத் திருத்தும் வசதியை விடவில்லை. எஸ்பி-1200-இல் விரலால் அடிக்க எட்டுத் தட்டுகள், அவற்றுக்கு நேராக மேலும் கீழும் நகர்த்த எட்டு நெம்புகள், மொத்தம் பத்து நொடிப் பதிவு. அந்தப் பத்து நொடி போதாமல், நிமிடத்துக்கு 33 சுற்று ஓட வேண்டிய இசைத்தட்டை 45 சுற்றில் வேகமாக ஓட்டி, நேரத்தைச் சுருக்கிப் பதிந்து, பெட்டிக்குள் சுருதியை இறக்கிக்கொண்டார்கள். அப்படி இறக்கியதில் வந்த கரகரப்பே பலருக்குப் பிடித்துப்போனது. இவை எதுவும் இன்று விலை உயர்ந்த தொழில்நுட்பம் அல்ல. 1990-இல் வந்த அலெசிஸ் எஸ்ஆர்-16 எளிமையான பெட்டிதான், ஆனால் 233 ஒலிகளும் உள்ளேயே பூட்டியவை, நம் பதிவொலியைப் போட முடியாது. 2014-இல் வந்த கோர்க் வோல்கா சாம்பிளில் ஒரு குமிழுக்கு ஒரு வேலை என்ற ஒழுங்கு இருந்தது. நான் விரும்பும் பெட்டிக்கு அதுவே மிக நெருக்கம். ஆனால் அதனால் தானாகப் பதிய முடியாது. நம் ஒலியைச் செயலி வழியாக, கீச்சொலியாக மாற்றி உள்ளே அனுப்ப வேண்டியிருந்தது.

நான் விரும்பும் பெட்டியில் எட்டுத் தட்டுகள் இருக்கட்டும். ஒவ்வொரு தட்டுக்கு மேலும் மூன்று குமிழ்கள்: சுருதி, நீளம், ஒலியளவு. நினைவட்டையில் பதிவொலிகளைப் போட்டுச் செருகினால் ஏற வேண்டும், ஒலிவாங்கியைச் செருகினால் பதிய வேண்டும். மின்சாரம் கொடுத்த கணத்தில் கடைசியாக வாசித்தது அப்படியே நிற்க வேண்டும். திரை வேண்டாம். குமிழ் எங்கே நிற்கிறதோ அதுவே அளவு.

இப்போது கலைச்சொல்லுக்குத் திரும்புவோம். அந்தப் பெட்டியின் முகப்பில் அச்சிட எத்தனை சொல் வேண்டும்? எண்ணிப் பார்த்தேன், பத்துக்குள் அடங்கிவிடுகிறது. அதனால்தான், ஒரு குமிழுக்குக் கீழே அச்சிட்டால் இருட்டில் தட்டுகிறவருக்கும் விளங்குமா என்பதையே சொல்லுக்குச் சோதனையாக வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

மேலே நான் எழுதியதுபோல், விரலால் அடிக்கும் இடத்துக்குத் 'தட்டு' போதும். பெயராகவும் நிற்கிறது, செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறது. தாளச் சுற்றைச் சமமாகப் பிரித்த ஒவ்வோர் இடமான ஸ்டெப்புக்குப் 'படி', ஒரு சுற்றுக்கு 16 படி. அந்தப் படிகளில் அடிகளைக் கோத்து வரும் பேட்டர்னுக்கு 'வடிவம்', 'தோரணி' என்று இரண்டு பரிந்துரைகள் வந்தன. தோல்வாத்தியக்காரர்கள் தா, தி, தொம், நம் என்று ஒவ்வோர் அடியையும் 'சொல்' என்கிறார்கள், சொற்களைக் கோத்ததைச் 'சொற்கட்டு' என்கிறார்கள். தட்டுகளைக் கோத்தால் வருவதும் அதுவே. காலங்காலமாகப் புழங்கும் சொல் இருக்கும்போது புதிதாக ஏன் செய்ய வேண்டும்?

> ஸ்விங் = ஊசலாட்டம்

இதை மட்டும் தயவுசெய்து வேண்டாம். ஊசல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சமமாகப் போகிறது. ஸ்விங்கில் நடப்பது சமமின்மை. 16 படிகளில் 2, 4, 6 என்று இரட்டைப்படையில் வருபவை கொஞ்சம் தாமதமாக விழுகின்றன. குமிழ் 50-இல் இருந்தால் அடுத்தடுத்த படிகள் இரண்டும் சமம். 66-க்குப் போனால் முதல் படிக்கு இரண்டு பங்கு, அடுத்ததற்கு ஒரு பங்கு, ஏறத்தாழத் திஸ்ர நடை. நடுவில் 54-இல் வைத்துப் பாருங்கள். கணக்கு காதுக்குத் தெரியாது, ஆனால் கால் தானாக ஆடத் தொடங்கும். அந்த நடைக்குத் தமிழில் பெயர் இருக்கிறது. வெண்பாவுக்குச் செப்பல், ஆசிரியப்பாவுக்கு அகவல், கலிப்பாவுக்குத் துள்ளல், வஞ்சிப்பாவுக்குத் தூங்கல் என்று ஓசையைப் பிரித்தவர்கள் நாம். ஸ்விங்குக்குத் 'துள்ளல்' என்று வைப்போம். குமிழுக்குக் கீழே 'துள்ளல்' என்று அச்சாகியிருந்தால், அதைத் திருப்பிப் பார்க்காமல் யாராலும் இருக்க முடியாது.

மீதி இருப்பது ஒன்று. திறந்த ஹை-ஹாட் ஒலித்துக்கொண்டிருக்கும்போது மூடிய ஹை-ஹாட்டைத் தட்டினால், முதல் ஒலி சட்டென்று நிற்க வேண்டும். உண்மையான டிரம்மில் கால் மிதியை அழுத்தும்போது நடப்பது அது. இதற்கு 'அடக்கு' என்று குறித்து வைத்திருக்கிறேன், ஆனால் மனம் ஒப்பவில்லை. ஒலியளவைக் குறைப்பதுபோல் படுகிறது. 'வெட்டு' என்றால் பதிவொலியைத் துண்டாக்குவதோடு குழம்பும். மிருதங்கமோ தவிலோ வாசிப்பவர்கள் இந்தக் குழுவில் இருக்கிறீர்கள். ஒலி எழுந்த தோலைக் கையால் அமர்த்தி நிறுத்துவதற்கு நீங்கள் வாயால் சொல்லும் சொல் என்ன என்று எழுதுங்கள்.