அரசு, தனியார் கல்லூரிகள் சேர்ந்து பாடம் நடத்த: நிர்வாகத்தை எப்படி அமைப்பது?

வகுப்பறைவாசி (கேள்வி)

வணக்கம். ஐந்து கல்லூரிகள். இரண்டு அரசுக் கல்லூரி, மூன்று தனியார். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பேருந்தில் அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஒரு கல்லூரி மாணவர் இன்னொன்றில் விருப்பப் பாடம் எடுக்கலாம் என்பதுவரை ஐந்து முதல்வர்களும் வாய்மொழியாக ஒத்துக்கொண்டுவிட்டார்கள். அதற்குமேல் ஒரு அடி நகரவில்லை. கட்டணம் யாருக்கு, மதிப்பெண் யார் பதிவது, செலவை எப்படிப் பிரிப்பது, ஒப்பந்தம் போதுமா இல்லை தனி அமைப்பு பதிவு செய்ய வேண்டுமா என்று ஒவ்வொரு கூட்டத்திலும் இதே கேள்விகள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. பெரிய அரசுக் கல்லூரி ஒன்றில் மட்டுமே மொத்த மாணவர்களில் பாதிப் பேர் இருப்பதால் மற்றவர்களுக்கு ஒரு தயக்கமும் இருக்கிறது. எங்கிருந்து தொடங்கலாம்?

பதிவேடு

பாடப் பகிர்வை மட்டும் முதலில் எடுங்கள். அதற்கு ஒரே விதிதான் அடித்தளம்: மாணவர் எந்தக் கல்லூரியில் சேர்ந்தாரோ அது தாய்க் கல்லூரி. கட்டணம், பட்டம், மதிப்பெண் பட்டியல் எல்லாம் அங்கேதான். பாடம் நடத்தும் கல்லூரி இடம் கொடுக்கும், மதிப்பீடு செய்து அனுப்பும், மாணவரிடம் காசு வாங்காது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஆமர்ஸ்ட், ஸ்மித், மவுண்ட் ஹோலியோக், ஹாம்ப்ஷயர் என்ற நான்கு தனியார் கல்லூரிகளும் ஆமர்ஸ்டில் உள்ள மாநில அரசுப் பல்கலைக்கழகமும் இப்படித்தான் நடத்துகின்றன. பக்கத்துக் கல்லூரியில் பாடம் எடுப்பதற்கு மாணவருக்குக் கூடுதல் கல்விக் கட்டணம் கிடையாது.

நடைமுறையில் சிக்குவது பதிவாளர் அலுவலகங்களுக்கு இடையில்தான். மாணவர் பாடத்தை விட்டுவிடுவதாகத் தாய்க் கல்லூரியில் எழுதிக் கொடுக்கிறார். அது நடத்தும் கல்லூரிக்குப் போய்ச் சேரவில்லை. ஆசிரியர் பட்டியலில் பெயர் அப்படியே இருக்கிறது, தேர்வுக்கு வரவில்லை, "தோல்வி" என்று பதிவாகிவிடுகிறது. ஆறு மாதம் கழித்து மதிப்பெண் பட்டியலில்தான் அந்தப் பையன் பார்ப்பான். இதைத் தவிர்க்க, சேர்வதற்கும் விடுவதற்கும் தாய்க் கல்லூரி ஒன்றே வாசலாக இருக்கட்டும். அங்கிருந்து வாரம் இருமுறை மாற்றப் பட்டியல் நடத்தும் கல்லூரிக்குப் போக வேண்டும். நான்காவது வாரத்தில் இரு பக்கப் பட்டியலையும் வரிக்கு வரி ஒத்துப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

சேர்வதற்கான கடைசி நாள் ஐந்து கல்லூரியிலும் வெவ்வேறாக இருந்தால், முந்தி வரும் தேதியை எல்லோருக்கும் வையுங்கள். இறுதி ஆண்டு மாணவரின் மதிப்பெண் மட்டும் தேர்வு முடிந்த 5 வேலை நாளுக்குள் வர வேண்டும் என்று தனியாக எழுதுங்கள். இல்லையென்றால் ஒரு பாடத்துக்காகப் பட்டமளிப்பே தள்ளிப்போகும். ஒரு கல்லூரியில் 3 கிரெடிட், இன்னொன்றில் 4 கிரெடிட் என்று இருந்தால் வாரத்துக்கு எத்தனை மணி நேர வகுப்பு என்பதை வைத்து மாற்று அட்டவணை போட்டு, மாணவர் சேருவதற்கு முன்பே வெளியிடுங்கள். படித்து முடித்த பிறகு கணக்குப் பார்த்தால் சண்டைதான் மிஞ்சும்.

அடுத்தது நேர அட்டவணை. 10 மணிக்குத் தொடங்கி 10:50-க்கு முடியும் வகுப்புக்கு அரை மணி நேரம் பயணம் செய்தால், முன்னால் ஒரு வகுப்பு, பின்னால் ஒரு வகுப்பு இரண்டும் போய்விடும். வாரம் மூன்று நாள் இது நடந்தால் எந்த மாணவரும் வரமாட்டார். அதனால் பகிரும் பாடங்களை வாரம் ஒரு முறை, மதியத்தில் இரண்டரை மணி நேர வகுப்பாக வையுங்கள். பேருந்து நேரத்தை முதலில் முடிவு செய்து, வகுப்பு நேரத்தை அதற்கேற்ப அமைக்க வேண்டும். தலைகீழாகச் செய்தால் ஒத்துவராது. ஐந்து கல்லூரி நாட்காட்டியையும் முழுக்க ஒன்றாக்கப் போகாதீர்கள். செமஸ்டர் தொடங்கும் வாரம், இடைவிடுமுறை, தேர்வு வாரம் மூன்றும் ஒத்துப்போனால் போதும்.

கணக்குநோட்டு

பாடப் பகிர்வு மட்டும் என்றால் புரிந்துணர்வு ஒப்பந்தம் போதும். பொதுவாக ஒருவரை வேலைக்கு எடுக்கும் நாளில், அல்லது பொது வங்கிக் கணக்கு தேவைப்படும் நாளில், தனி இலாப நோக்கற்ற அமைப்பாகப் பதிவு செய்துவிடுங்கள். மேலே சொன்ன மாசசூசெட்ஸ் கூட்டமைப்பு 1965-ல் அப்படிப் பதிவானது. அப்போது உறுப்பினர் நான்கு பேர்தான். அவர்கள் சேர்ந்து திட்டமிட்ட ஐந்தாவது, ஹாம்ப்ஷயர், 1970-ல் மாணவர்களைச் சேர்த்தது. ஆட்சிக் குழுவில் கல்லூரித் தலைவர்களே உட்காருகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். பிரதிநிதியை அனுப்பினால் அவர் "கேட்டுச் சொல்கிறேன்" என்று போவார். அடுத்த கூட்டத்துக்கு வேறு ஒருவர் வருவார்.

தலைவர்களுக்குக் கீழே துணை முதல்வர்கள் குழு மாதம் ஒரு முறை கூடட்டும். பாடம் சார்ந்த முடிவுகளை அவர்களே எடுக்கும் அதிகாரத்தை எழுத்தில் கொடுங்கள். பதிவாளர்கள், நூலகர்கள், கணக்கு அலுவலர்கள் தனித்தனியாகக் கூடுவார்கள். வாக்கு கல்லூரிக்கு ஒன்று, மாணவர் எண்ணிக்கைப்படி அல்ல. பொது வரவுசெலவுக்கு மட்டும் ஐந்து பேரும் சம்மதிக்க வேண்டும். மற்ற திட்டங்களில் விரும்புகிறவர் சேரலாம், சேராதவர் தடுக்கக்கூடாது.

உங்கள் தயக்கத்துக்குப் பதில் செலவுப் பங்கீட்டில் இருக்கிறது. பொதுச் செலவு 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். முழுக்க மாணவர் எண்ணிக்கைப்படி பிரித்தால் பெரிய கல்லூரி 50 கொடுத்துவிட்டு உரிமையாளர்போல நடக்கும். சமமாகப் பிரித்தால் சின்னக் கல்லூரிக்கும் 20. அதுதான் முதலில் வெளியேறும். 40 பங்கைச் சமமாகவும் (ஆளுக்கு 8) மீதி 60-ஐ எண்ணிக்கைப்படியும் பிரியுங்கள். பெரியதற்கு 38 வரும், மொத்த மாணவரில் 5 சதவீதம் வைத்திருக்கும் கல்லூரிக்கு 11 வரும். இரண்டு பேரும் தாங்குவார்கள்.

போகும் மாணவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று கல்லூரிகள் தங்களுக்குள் வசூலிக்க ஆரம்பிக்கவே வேண்டாம். அப்படிச் செய்தால் ஒவ்வொரு துறைத் தலைவரும் தன் மாணவரை வெளியே விடாமல் பிடித்துவைப்பார், திட்டம் காகிதத்தில் மட்டும் இருக்கும். வருவோர் போவோர் வித்தியாசத்தை மூன்று ஆண்டுச் சராசரியாகப் பாருங்கள். அது எல்லை மீறினால் மட்டும் ஈடு செய்யுங்கள்; பணத்தைவிட அந்தத் துறைக்கு ஒரு ஆசிரியர் நேரம் கொடுப்பது நல்ல ஈடு.

அரசுக் கல்லூரிகளுக்கு வேறு சில கட்டுகள் உண்டு. நிதியாண்டு கல்வியாண்டோடு ஒத்துப்போகாது, கொள்முதலுக்கு ஒப்பந்தப்புள்ளி கோர வேண்டும், கூட்டக் குறிப்புகளைப் பொதுமக்கள் கேட்டால் கொடுக்க வேண்டியிருக்கலாம். தனியார் நிர்வாகங்களுக்கு இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். "நிதி ஒதுக்கீடு கிடைத்தால்" என்ற வாசகம் இல்லாமல் அரசுத் தரப்பு கையெழுத்திட முடியாது. அதைச் சந்தேகமாக எடுத்துக்கொள்ளக்கூடாது.

இன்னொன்று. கட்டணம், உதவித்தொகை, சம்பளம் பற்றிப் பொதுக் கூட்டத்தில் பேச்செடுக்கவே வேண்டாம். மாணவர் உதவித்தொகையைக் கலந்து பேசி நிர்ணயித்ததாக ஐவி லீக் எனப்படும் எட்டுப் பழைய தனியார் பல்கலைக்கழகங்கள்மீதும் எம்.ஐ.டி. (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) மீதும் 1991-ல் அமெரிக்க அரசின் நீதித் துறை, போட்டியைக் குலைக்கும் கூட்டு முடிவுகளைத் தடுக்கும் போட்டிச் சட்டத்தின்கீழ் வழக்குப் போட்டது.

நூலடுக்கு

பதிவேடு சொன்னதில் ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். பாடத்தைவிட நூலகத்தில் தொடங்குவது எளிது. ஒரே அடையாள அட்டை, ஒரே தேடல் பட்டியல், புத்தகப் பெட்டிகளோடு தினம் ஒரு வண்டி. யாருடைய பாடத்திட்டத்திலும் கைவைக்க வேண்டாம். பிறகு அடுத்த கட்டம்: குறைவாகப் புழங்கும் நூல்களில் ஒரு பிரதியை மட்டும் பொதுக் கிடங்கில் வைத்துக்கொள்ளலாம். பனிப்போர்க் காலத்தில் அமெரிக்க விமானப்படைக்காக மலைக்குள் கட்டிய பதுங்கறையை ஆமர்ஸ்ட் கல்லூரி வாங்கியது. ஐந்து நூலகங்களுக்கும் அதுவே கிடங்கானது. கடைசிப் பிரதி யாருடையது, அதை யார் கழிக்கலாம் என்பதை மட்டும் முதலிலேயே எழுதிவிடுங்கள்.

கூட்டுத் துறை தொடங்குவதானால் விலகும் விதியோடு தொடங்குங்கள். கலிஃபோர்னியாவின் கிளேர்மாண்டில் மூன்று கல்லூரிகள் ஒரே அறிவியல் துறையை நடத்தின; அவற்றுள் ஒன்றான கிளேர்மாண்ட் மெக்கென்னா பின்னாளில் விலகித் தனித்துறை அமைத்தது. கட்டடம், ஆய்வுக் கருவிகள், ஆசிரியர் பணியிடம் இவை யாருக்குப் போகும் என்பதைச் சுமுகமாக இருக்கும்போதே தீர்த்துக்கொள்ள வேண்டும். முன்னறிவிப்பு இரண்டு முழுக் கல்வியாண்டு, ஏற்கெனவே சேர்ந்த மாணவர் முடிக்கும்வரை இடம் உறுதி. பகிர்ந்து நியமிக்கும் ஆசிரியருக்கும் தாய்க் கல்லூரி ஒன்றுதான். பதவி உயர்வு அங்கே. அவரைக் குழுக்களில் போடுவதற்கு ஒரு உச்சவரம்பு வையுங்கள். இரண்டு கல்லூரியும் முழு ஆள்போல நினைத்து வேலை கொடுத்தால் நல்லவர்கள் தங்கமாட்டார்கள்.

வகுப்பறைவாசி

மிக்க நன்றி. ஒழுங்கு நடவடிக்கை? தேர்வில் காப்பியடித்தால் எந்தக் கல்லூரி விசாரிப்பது?

பதிவேடு

சம்பவம் நடந்த இடத்தின் விதி, தாய்க் கல்லூரியின் தண்டனை. அதாவது பாடம் நடத்தும் கல்லூரி விசாரித்து உண்மையைப் பதிவு செய்யும், அந்தப் பாடத்தின் மதிப்பெண்ணைத் தீர்மானிக்கும். இடைநீக்கம்போல அதற்கு மேற்பட்டது எல்லாம் தாய்க் கல்லூரி. விசாரணை அறிக்கை 10 நாளுக்குள் கைமாற வேண்டும். அப்படிக் கைமாறலாம் என்பதற்கு மாணவரின் எழுத்துச் சம்மதத்தைச் சேர்க்கைப் படிவத்திலேயே வாங்கிவிடுங்கள்.