யூ.கே. கஸ்டமர் எல்லாரையும் ‘இங்கிலீஷ்காரர்’ ஆக்கிவிடும் பிரச்சினை: புது பேட்ச்சுக்கு என்ன சொல்லித் தரலாம்?

நைட்ஷிஃப்ட்_நந்தா:
வணக்கம் மக்களே. சென்னையில் யூ.கே. வாய்ஸ் புராசஸுக்கு (அங்குள்ள கஸ்டமர்களிடம் போனில் பேசும் கால் சென்டர் வேலை) புதுசாகச் சேரும் பசங்களுக்கு ஒரு பக்கக் குறிப்பு தயார் செய்யணும். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ கஸ்டமரிடம் “இங்கிலாந்துல இப்ப குளிரா?” என்று கேட்டுவிடுகிறார்கள், அந்தப் பக்கம் குரலே மாறிப்போகிறது. வேல்ஸின் கார்டிஃப், வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் என்றாலும் இதே கதை. யாரை என்னவென்று சொல்வது? போஸ்ட்கோடை (நம்ம பின்கோடு மாதிரி) வைத்தோ பேச்சை வைத்தோ முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி இருக்கா? ‘பண்பாடு’, ‘மரியாதை’ என்று பொதுவாகச் சொல்லாமல், போனில் உதவுகிற மாதிரி சொல்லுங்கள்.

தாமிரபரணி:
நந்தா, சிக்கல் நம்ம மொழியிலேயே ஆரம்பிக்கிறது. ‘ஆங்கிலேயர்’, ‘வெள்ளைக்காரன்’, ‘இங்கிலீஷ்காரன்’ மூன்றையும் ஒரே பொருளில்தான் புழங்குகிறோம். பாரிமுனைக்குப் பெயர் தந்த தாமஸ் பாரி வேல்ஸ்காரர். மன்றோ சிலையில் குதிரை மேல் உட்கார்ந்திருப்பவர் கிளாஸ்கோவில் பிறந்த ஸ்காட்லாந்துக்காரர். கால்டுவெல் அயர்லாந்தின் ஆன்ட்ரிம் பகுதியில் பிறந்தவர். நம்ம பேச்சில் மூவரும் ஆங்கிலேயர்! பசங்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

குறிப்பில் போட வேண்டியது இவ்வளவுதான்: இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றும் சேர்ந்தால் கிரேட் பிரிட்டன். அதோடு வட அயர்லாந்தும் சேர்ந்தால் யூ.கே. யூ.கே. பாஸ்போர்ட்டில் நால்வருக்குமே ‘பிரிட்டிஷ் சிட்டிசன்’ என்றுதான் இருக்கும்; சட்டப்படி ‘ஸ்காட்டிஷ் குடியுரிமை’ என்று ஒன்று கிடையாது. ஆனால் “நீங்க யாரு?” என்றால் வருகிற பதில் வேறு. வட அயர்லாந்தில் 1998 பெல்ஃபாஸ்ட் ஒப்பந்தப்படி ஒருவர் தன்னை ஐரிஷ் என்றோ, பிரிட்டிஷ் என்றோ, இரண்டும் என்றோ சொல்லிக்கொள்ளலாம். ஆகவே பெல்ஃபாஸ்ட் முகவரியைப் பார்த்து “யூ பிரிட்டிஷ் பீப்பிள்” என்பதும் தப்பு, “யூ ஐரிஷ்” என்பதும் தப்பு. டப்ளின் ஆளை பிரிட்டிஷ் என்பது எல்லாவற்றையும் விடப் பெரிய தப்பு. டப்ளின் இருக்கும் அயர்லாந்து தனி நாடு.

இன்னொன்று, ‘ஸ்காட்ச்’ என்பது விஸ்கிக்கு. ஆளைச் சொல்லும்போது ஸ்காட்டிஷ்.

கடலோரக்_காகம்:
தம்பி, போஸ்ட்கோடை நம்பி இறங்காதேங்கோ. EH எடின்பரோ, CF கார்டிஃப், BT வட அயர்லாந்து, இதுகளில பெரிசாப் பிழை வராது. பிழை வாறது எல்லைப் பக்கத்தில. போஸ்ட்கோட் தபால் பிரிக்கிறதுக்குப் போட்டது, நாட்டு எல்லையைப் பார்த்துப் போட்டதில்லை. SY எண்டால் ஷ்ரூஸ்பரி, அது இங்கிலாந்து. ஆனால் SY23 அபெரிஸ்ட்வித், வேல்ஸின்ர மேற்குக் கரை. CH எண்டால் செஸ்டர். அதே CH இல தொடங்கிற கொஞ்சம் வேல்ஸுக்குள்ள இருக்கு. TD ஸ்காட்லாந்து எண்டு நினைச்சால், TD15 இல இருக்கிற பெரிக் இங்கிலாந்துப் பட்டினம். IM, JE, GY மூண்டும் பார்க்க யூ.கே. மாதிரித்தான், நம்பரும் +44 தான், ஆனால் மான் தீவும் ஜெர்சியும் கேர்ன்சியும் யூ.கே.க்குள்ள இல்லை.

சரி, போஸ்ட்கோட் சரியாச் சொன்னாலும் என்ன? கார்டிஃபில குடியிருக்கிற எல்லாரும் வேல்ஸ் ஆக்களில்லை. அது வீடு எங்க எண்டு சொல்லும், ஆள் ஆர் எண்டு சொல்லாது.

டெரி, லண்டன்டெரி விசயத்தையும் எழுதி வையுங்கோ. BT47, BT48. ஒரே நகரம், இரண்டு பேர். ஒரு பேரைச் சொன்னால் ஐரிஷ் பக்கமோ பிரிட்டிஷ் பக்கமோ எண்டு ஆக்கள் கணக்குப் போட்டிடுவினம். கஸ்டமர் எந்தப் பேரைச் சொல்லுறாரோ அதையே திருப்பிச் சொல்லவேணும். ஸ்கிரீனில லண்டன்டெரி எண்டு இருக்கு, அவர் டெரி எண்டுறார், “யூ மீன் லண்டன்டெரி?” எண்டு திருத்தப் போனால் கதை முடிஞ்சுது. அவர் பேர் சொல்ல முந்தி நீங்கள் சொல்லாதேங்கோ, போஸ்ட்கோடையும் வீட்டு நம்பரையும் கேட்டு உறுதிப்படுத்துங்கோ.

நைட்ஷிஃப்ட்_நந்தா:
SY23 புதுத் தகவல், நன்றி அண்ணா. அப்போ பேச்சு? ஆக்சென்ட் டிரெய்னிங்கில் நாலு ஆடியோ போட்டுக் காட்டுகிறார்களே, அதை வைத்துக் கண்டுபிடிக்கச் சொல்லலாமா?

தாமிரபரணி:
புரிந்துகொள்ளப் பழகுவதற்கு அந்த ஆடியோ சரி. ஆளை அடையாளம் காண வேண்டாம். வட அயர்லாந்துப் பேச்சை ஸ்காட்டிஷ் என்று நினைப்பது ரொம்ப சகஜம். 17ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்திலிருந்து பெருங்கூட்டம் அல்ஸ்டருக்கு (வட அயர்லாந்து அடங்கிய பகுதி) குடியேறியது, அந்தச் சாயல் இன்னும் ஒலிக்கிறது. நியூகாசில் பேச்சையும் ஸ்காட்டிஷ் என்று எண்ணிவிடுவார்கள், அது இங்கிலாந்து. எடின்பரோவில் தனியார் பள்ளியில் படித்தவர் பேசினால் லண்டன் என்றே தோன்றும். நாகர்கோவில் பேச்சைக் கேட்டு ‘மலையாளியா?’ என்கிறோமே, அதே வகைத் தப்பு.

பேச்சை விடப் பெயரில்தான் வேலை இருக்கிறது. வேல்ஸ் ஊர்ப் பெயரில் வரும் இரட்டை எல் (லானெல்லி மாதிரி) நம்ம ‘ள’வும் இல்லை, ‘ல’வும் இல்லை. ‘ல’ சொல்லும் இடத்தில் நாக்கை வைத்துக்கொண்டு, குரல் எழுப்பாமல் பக்கவாட்டில் காற்றை விட வேண்டும். ஒற்றை எஃப் ‘வ’ போல ஒலிக்கும். இரட்டை டி, ‘தட்’ என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் ஒலி. வராவிட்டால் பரவாயில்லை, “எப்படிச் சொல்லணும்?” என்று ஒரு தடவை கேட்டால் போதும், பெரும்பாலும் மகிழ்ந்து சொல்லித் தருவார்கள். கேட்காமல் வேகமாக உளறிவிட்டு ஓடுவதுதான் எரிச்சல்.

லீவு_லிஸ்ட்:
எல்லாரும் விட்ட இடம்: விடுமுறை நாள். கஸ்டமரிடம் “திங்கள் பேங்க் ஹாலிடே (பொது விடுமுறை), செவ்வாய் வரும்” என்று டெலிவரி தேதி சொல்வது இங்கிலாந்து காலண்டரைப் பார்த்து. ஸ்காட்லாந்தில் கோடை விடுமுறை ஆகஸ்ட் முதல் திங்கள். மற்ற மூன்றுக்கும் கடைசித் திங்கள். ஜனவரி 2 ஸ்காட்லாந்துக்கு மட்டும். நவம்பர் 30 செயின்ட் ஆண்ட்ரூ நாளும் அங்கேதான். ஈஸ்டர் திங்கள் அங்கே பேங்க் ஹாலிடே இல்லை. வட அயர்லாந்துக்குக் கூடுதலாக மார்ச் 17, ஜூலை 12. இதில் ஜூலை 12-க்கு ‘ஹேப்பி ஹாலிடே’ சொல்லக் கூடாது. பிரிட்டிஷ் தரப்பு கொண்டாடும், ஐரிஷ் தரப்பில் பலர் ஊரை விட்டே கிளம்பிவிடுவார்கள். வேல்ஸுக்கு இங்கிலாந்தின் பட்டியலேதான். செயின்ட் டேவிட் நாளான மார்ச் 1-க்கு லீவு கிடையாது, அந்த மனக்குறை அங்கே உண்டு.

சேப்பாக்_ஸ்டாண்ட்:
கிரிக்கெட் பேச்சு எடுக்கும் பசங்களுக்கு ஒரு வார்த்தை. ‘இங்கிலாந்து’ அணி உண்மையில் இங்கிலாந்து-வேல்ஸ் வாரியத்தின் அணி. 1973 ஜனவரியில் சேப்பாக்கத்தில் இங்கிலாந்துக்குக் கேப்டனாக வந்த டோனி லூயிஸ் ஸ்வான்சீயில் பிறந்த வேல்ஸ்காரர். ஃபுட்பாலில் நாலும் தனித்தனி அணி. ரக்பியில் அயர்லாந்துத் தீவு முழுக்க ஒரே அணி. ஒலிம்பிக்கில் நாலும் ஒன்று. வேர்ல்ட் கப் சமயத்தில் கிளாஸ்கோ கஸ்டமருக்கு “இங்கிலாந்து ஜெயிக்கட்டும்” என்று வாழ்த்துவதை விட மழையைப் பற்றிப் பேசலாம்.

படிவம்:
சர்வே புராசஸும் எடுப்பீர்கள் என்றால் ‘நேஷனாலிட்டி’யும் ‘நேஷனல் ஐடென்டிட்டி’யும் வேறு வேறு கேள்வி. முதலாவது பாஸ்போர்ட். இரண்டாவது, அவர் தன்னை எப்படிக் கருதுகிறார் என்பது. ஒன்றுக்கு மேலும் தேர்ந்தெடுக்கலாம். பதிலை நீங்கள் ஊகித்து டிக் செய்யக் கூடாது, பட்டியல் முழுவதையும் வாசிக்க வேண்டும். வரிசை மாறினாலே பதில் மாறும். இங்கிலாந்து-வேல்ஸ் சென்சஸில் 2011-இல் ‘இங்கிலீஷ்’ மட்டும் என்றவர்கள் 57.7%, ‘பிரிட்டிஷ்’ மட்டும் 19.1%. 2021-இல் அது 14.9%, 54.8% என்று தலைகீழானது. பத்து வருடத்தில் ஒரு நாடே மனம் மாறிவிடவில்லை. இங்கிலாந்துக்கான படிவத்தில் ‘பிரிட்டிஷ்’ என்பதை முதல் கட்டமாக ஏற்றியது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

முகவரியில் நாடு என்ற இடத்தில் ‘யுனைடெட் கிங்டம்’. ‘இங்கிலாந்து’ என்று டைப் செய்து எடின்பரோவுக்குக் கடிதம் அனுப்பினால் போஸ்ட்கோடை வைத்துப் போய்ச் சேர்ந்துவிடும், புகாரும் பின்னாலேயே வரும்.

நைட்ஷிஃப்ட்_நந்தா:
நிறைய கிடைத்தது. கடைசியாக ஒன்று, வாய் தவறிச் சொல்லிவிட்டால்? “ரொம்ப மன்னிச்சிருங்க, எங்க நாட்டுல எல்லாரும் அப்படித்தான் சொல்லுவோம்” என்று ஒரு வரி எழுதி வைத்திருக்கிறேன்.

கடலோரக்_காகம்:
ரெண்டாம் பாதியை வெட்டுங்கோ. “சாரி, ஸ்காட்லாந்து, மை மிஸ்டேக்.” அவ்வளவுதான். உடனே ஆர்டர் நம்பருக்குப் போயிடவேணும். விளக்கம் சொல்லத் தொடங்கினால், அவர்தான் உங்களைச் சமாதானப்படுத்த வேண்டி வரும்.