உதவி: 4 லட்சம் கட்டடங்கள், வரைபடம் வெள்ளையாகவே நிற்கிறது

சதுப்பு13:
அவசரம். பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தைச் சுற்றி எங்கெங்கே கட்டடம் வந்திருக்கிறது என்று தொட்டுப் பார்க்கிற மாதிரி ஒரு வரைபடம் செய்கிறேன். நிரல் பிழையில்லாமல் ஓடுகிறது, ஆனால் பக்கத்தைத் திறந்தால் வெறும் வெள்ளை, இரண்டு நிமிடத்தில் குரோம் செத்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் நகர் நலச்சங்கக் கூட்டத்தில் காட்டியாக வேண்டும். எங்கே தப்பு?

வரப்பு:
எந்த மொழி? எந்த நிரல் நூலகம்? எத்தனை உருவங்கள்? கோப்பு எத்தனை எம்பி?

அட்சரேகை:
ஆயத்தொலைவில் அட்சமும் தீர்க்கமும் இடம் மாறியிருக்கும், நூற்றுக்குத் தொண்ணூறு தடவை அதுதான். பைத்தான் வரைபட நூலகமான ஃபோலியமாக இருந்தால், அதில் மையப்புள்ளிக்கு அட்சம் முதலில், ஜியோஜேசன் என்கிற இடத்தரவுக் கோப்பு வடிவில் தீர்க்கம் முதலில். சென்னை 13, 80. திருப்பிப் போட்டால் ஆர்க்டிக்கில் ஸ்வால்பார்டு பக்கம் போய் உட்காரும். வடக்கே இழுத்துப் பாருங்கள்.

மூத்தநிரலர்:
தம்பி, ஜியோஜேசனுக்கு ஆர்எஃப்சி 7946 என்கிற தர ஆவணம் வந்தது 2016இல். அதைப் படித்தவர்கள் இப்படிக் கேட்பதில்லை. முதலில் கியூஜிஐஎஸ் வரைபட மென்பொருளில் திறந்து தரவைக் கண்ணால் பார்க்கப் பழகுங்கள், நிரல் அப்புறம்.

சதுப்பு13:
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். பைத்தான், தரவைக் கையாள ஜியோபாண்டாஸ், வரைபடத்துக்கு ஃபோலியம். தரவு, செயற்கைக்கோள் படத்திலிருந்து கட்டட வடிவங்களைக் கண்டெடுத்த கூகுள் ஓப்பன் பில்டிங்ஸ் மூன்றாம் பதிப்பு, அது கட்டடம்தான் என்ற நம்பக மதிப்பு 0.7க்கு மேல் மட்டும் எடுத்தேன். 4 லட்சம் சொச்சம் பலகோணங்கள், எச்டிஎம்எல் 190 எம்பி. 500 கட்டடம் மட்டும் போட்டால் சரியான இடத்தில் வருகிறது.

வரப்பு:
அந்தக் கடைசி வரிதான் விடை. ஆயத்தொலைவில் குறையில்லை. ஃபோலியம் உங்கள் தரவு முழுவதையும் எச்டிஎம்எல்லுக்குள்ளேயே எழுதிவிடுகிறது, அதன் அடியில் ஓடும் லீஃப்லெட் ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனித்தனியாக ஒரு எஸ்விஜி வரைவுத் துண்டு போடுகிறது. 4 லட்சம் துண்டை உலாவி தாங்காது. எல்லாவற்றையும் ஒரே படமாகத் தீட்டும் கேன்வாஸுக்கு மாற்றினால் இன்னும் கொஞ்சம் தள்ளலாம், உங்களுக்குப் போதாது. டிப்பிகனூ என்கிற கருவியில் போட்டு வரைபடத்தைச் சிறு சதுர ஓடுகளாக (டைல்) வெட்டி ஒரே பிஎம்டைல்ஸ் கோப்பாக எடுங்கள், மேப்லிப்ரே என்கிற இணைய வரைபட நூலகத்தில் காட்டுங்கள். நெருக்கம் மிகுந்தால் சிலவற்றை விட்டுவிடச் சொல்லும் 'டிராப்-டென்செஸ்ட்-ஆஸ்-நீடட்' கொடுக்க மறக்காதீர்கள். ஓர் ஓட்டுக்கு 500 கேபி என்று வரம்பு உண்டு, அது இல்லாவிட்டால் வேளச்சேரி மாதிரி நெருக்கமான இடத்தில் பாதியிலேயே நின்றுவிடும்.

நெல்மணி:
ஓடு வெட்டுவதெல்லாம் எதற்கு? லோன்போர்டு என்கிற பைத்தான் நூலகம் போடுங்கள். தரவு ஜிபியு என்கிற வரைகலைச் செயலிக்கு நேரே போகிறது, 4 லட்சம் அதற்கு ஒன்றுமே இல்லை, மூன்று வரியில் முடியும்.

வரப்பு:
பைத்தான் நோட்புக்கில் நாம் பார்ப்பதற்கு லோன்போர்டுதான் நல்லது, நானும் அதைத்தான் திறக்கிறேன். ஆனால் கூட்டத்துக்கு வருகிறவர்கள் கைபேசியில் திறப்பார்கள். மொத்தத் தரவையும் இறக்கச் சொல்ல முடியாது. ஓடு என்றால் பார்க்கிற தெரு மட்டும் இறங்கும்.

சதுப்பு13:
செய்தேன். பிஎம்டைல்ஸ் 31 எம்பிதான் வந்தது. ஆனால் மறுபடியும் வெள்ளை. உலாவியின் கன்சோலில் சிவப்பாக ஏதோ.

அட்சரேகை:
அந்த 'ஏதோ'வை அப்படியே ஒட்டுங்கள். எதில் ஓட்டுகிறீர்கள்?

சதுப்பு13:
'பைத்தான் -எம் எச்டிடிபி.சர்வர்'. கன்டென்ட்-லெங்த் என்று என்னவோ சொல்கிறது, பைட் சர்விங் இருக்கிறதா பார் என்கிறது.

வரப்பு:
பிடிபட்டது. பிஎம்டைல்ஸ் கோப்பில் வேண்டிய துண்டை மட்டும் ரேஞ்ச் கோரிக்கையால் கேட்கும். பைத்தானோடு வரும் அந்தச் சர்வருக்கு ரேஞ்ச் தெரியாது, முழுக் கோப்பையும் தூக்கிக் கொடுக்கும். நெட்வொர்க் பலகையில் பாருங்கள், 206 (துண்டு மட்டும்) வர வேண்டிய இடத்தில் 200 (முழுக் கோப்பு) இருக்கும். என்ஜின்எக்ஸ் சர்வரில் வையுங்கள். இதில் நானே ஒரு முழு இரவு தொலைத்திருக்கிறேன்.

எழுத்தாணி:
ஊர்ப் பெயரைத் தமிழில் போடப் போகிறீர்களா? மேப்லிப்ரேயின் பல பதிப்புகள் தமிழை ஒழுங்காகக் கோப்பதில்லை. 'மேடவாக்கம்' என்றால் கொம்பு மகரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் தமிழ்ப் பெயர்களை எத்தனையோ பேர் உட்கார்ந்து சேர்த்து வைத்திருக்கிறார்கள், வரைபடத்தில் உடைந்து தெரிவது வருத்தமாக இருக்கிறது.

மூத்தநிரலர்:
ஆங்கிலத்தில் போட்டால் சிக்கலே இல்லை. எல்லோருக்கும் புரியும்.

எழுத்தாணி:
எல்லோருக்கும் என்றால் யாருக்கு, ஐயா? நலச்சங்கக் கூட்டத்துக்கு வரும் பாட்டிக்கு? பெயர்களை மட்டும் எச்டிஎம்எல் குறிகளாக மேலே வைத்தால் உலாவியே எழுத்தைச் சரியாகக் கோத்துக் கொடுக்கும். இருபது முப்பது ஊருக்கு அது போதும்.

மூத்தநிரலர்:
பெரிதாக்கும்போது ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அதற்கும் நிரல் எழுத வேண்டும்.

எழுத்தாணி:
எழுதுவோம். நான் எழுதித் தருகிறேன்.

நெல்மணி:
லோன்போர்டில் பெயர்ப் பிரச்சினையே வராது, கீழே பெயரோடு படமாகவே வரும் ராஸ்டர் வரைபடத்தை வைத்துக்கொள்ளலாம்.

வரப்பு:
ராஸ்டரை மேப்லிப்ரேயிலும் வைக்கலாம். கேட்டவர் எங்கே? 206 வந்ததா?

சதுப்பு13:
வந்தது. என்ஜின்எக்ஸுக்கு மாற்றினேன், என் பழைய கைபேசியிலும் நிற்காமல் ஓடுகிறது. எழுத்தாணி, 24 ஊர்ப் பெயர் இருக்கிறது, பட்டியலைத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன்.